முறுக்க முறுக்க ஒழுகும்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு யோசனை தவறாமல் வந்து விழுகிறது: "டேப்பட் கவர்ல ஆயில் கசியுதா? மேலே இருக்கிற ரெண்டு நட்டையும் இன்னும் அரைச் சுத்து டைட் வையுங்க, நின்னுடும்." ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் போற்றி வைத்திருக்கும் சென்னைவாசிகளும், மோரிஸ் மைனரை விடாமல் ஓட்டும் இலங்கைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அனுபவஸ்தர் வாயிலிருந்து வருகிறது என்பதால் எவரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். இந்த யோசனை பலன் தராது என்பதோடு விஷயம் முடியவில்லை. இந்த வகை எஞ்சின்களில் கவர் ஒழுகத் தொடங்குவதற்கும், தொடங்கியது நிற்காமல் போவதற்கும் பல சமயம் இந்த முறுக்கல்தான் காரணம்.

அந்தக் கவருக்கு என்ன வேலை என்பதிலிருந்து தொடங்குவோம். அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் கொண்டுவந்த பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மைனரில் இருப்பது அதைவிடச் சிறிய ஏ சீரிஸ். இரண்டிலும் டேப்பட் கவர் என்பது அச்சில் அடித்த மெல்லிய இரும்புத் தகடு. ஓரத்தில் கார்க் பேக்கிங், உச்சியில் இரண்டே நட்டுகள். ஆயில் பம்பின் அழுத்தம் ராக்கர் ஷாஃப்ட் வரைக்கும்தான். அங்கிருந்து வழியும் எண்ணெய், வால்வு ஸ்பிரிங்குகளை நனைத்துவிட்டு, புஷ் ராடு துளைகள் வழியாகத் தன் எடையிலேயே ஆயில் சேம்பருக்கு இறங்கிவிடுகிறது. கவரின் ஓரத்துக்கு வருவது தெறிக்கும் துளிகள் மட்டுமே. அதைத் தடுக்க இரும்புப் பிடி தேவையில்லை என்று தெரிந்துதான் தயாரிப்பாளரின் கையேடு இந்த நட்டுக்கு 4 பவுண்டு-அடி முறுக்கு விசையைக் குறித்திருக்கிறது. ஹெட் நட்டுக்கு அதைப் போலச் சுமார் பத்து மடங்கு. ஆறு அங்குல ஸ்பேனரின் நுனியில் மூன்றரைக் கிலோ எடை தொங்கினால் 4 பவுண்டு-அடி வந்துவிடும். இரண்டு விரல் போதும். அதே ஸ்பேனரை ஒருவர் இருபது கிலோ பலத்தோடு இழுத்தால், கையேடு சொன்னதைவிட ஐந்து மடங்குக்கு மேல் ஏற்றிவிடுகிறார். "நல்லா டைட்" என்று மெக்கானிக் மனநிறைவோடு சொல்லும் இடம் இதுதான்.

அந்த அதிகப்படி விசை எங்கே போகிறது? நட்டுகள் இருப்பது உச்சியில். பேக்கிங் இருப்பது கீழே, சுற்றிலும். உச்சியை அமுக்க அமுக்க, நட்டுக்கு நேர் கீழே உள்ள பகுதி ஹெட்டின் மேல் நசுங்குகிறது. தகடு வளைந்து, தொலைவிலுள்ள மூலைகள் பிடிப்பை இழக்கின்றன. இந்தக் கவர்கள் ஒழுகும்போது முதலில் பெரும்பாலும் மூலைகளிலேயே ஈரம் தெரிவது இதனால்தான். கார்க்கின் குணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. அதற்குள் காற்றடைத்த நுண்ணிய அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அளவோடு அமுக்கினால் அவை திரும்ப உப்பி மேலும் கீழும் இடைவெளியில்லாமல் அடைக்கும். அளவு மீறினால் அறைச்சுவர்கள் நொறுங்கிவிடும்; பிறகு அது மீளும் திறனற்ற ஒரு மரத்துணுக்குப் பட்டை, அவ்வளவே. எஞ்சின் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்குகிறது. அந்த மயிரிழை அசைவைப் பின்தொடரப் பேக்கிங்கில் உயிர் இருக்காது.

"ஆனால் முறுக்கியதும் நின்றதே, நானே பார்த்தேனே" என்பார்கள். நிற்கும், மறுக்கவில்லை. நசுங்காமல் மிச்சமிருந்த கார்க்கை அன்று நசுக்கியிருக்கிறீர்கள். சில வாரங்களில் அதுவும் செத்துப்போகும், மறுபடி முறுக்குவீர்கள், தகடு இன்னும் வளையும். கடைசியில் புதுப் பேக்கிங் போட்டாலும் அந்தக் கவர் உட்காராது. "கையேட்டுக் கணக்கு புதுச் சாமானுக்கு, அறுபது வருஷத்து வண்டிக்கு அல்ல" என்பது அடுத்த ஆட்சேபம். தர்க்கம் தலைகீழாக இருக்கிறது. பலமுறை வளைந்து நிமிர்ந்த தகடு புதுத் தகட்டைவிடச் சுலபமாக வளையும். பழைய பொருளுக்குக் கூடுதல் விசை தர ஒரு நியாயமும் கிடையாது.

முறுக்கித் தோற்றவர்கள் அடுத்து ஓடுவது சிலிக்கோன் பசைக்கு. பேக்கிங்கின் இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசி, ஓரமெல்லாம் பிதுங்கப் பிதுங்க மூடுகிறார்கள். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. உள்ளே தொங்கும் அந்தத் துண்டு என்றாவது அறுந்து எண்ணெயோடு சேம்பருக்குப் போனால், பம்பின் சல்லடையை அடைக்கும். ஒரு சொட்டுக் கசிவை நிறுத்தப் போய் பேரிங்குகளைப் பட்டினி போடும் வேலை இது. அதோடு, இந்த எஞ்சின்களில் டேப்பட் இடைவெளியைக் குறிப்பிட்ட ஓட்டத்துக்கு ஒருமுறை கையால் சரிசெய்தாக வேண்டும். அதற்குக் கவரைக் கழற்ற வேண்டும். கல்லாக ஒட்டிய கவரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறார்கள், ஓரம் கோணுகிறது, மறுபடி கசிவு.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பொறுமையிழக்கச் செய்வது, பிரீதரை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதே. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்காத எஞ்சின் உலகத்தில் இல்லை. அது வெளியேற வழி வேண்டும். பி சீரிஸின் தொடக்க வடிவங்களில் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு குழாயும், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் சைடு பிளேட்டிலிருந்து சாலையை நோக்கி இன்னொரு குழாயும் இதற்காகவே வைக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் கரியும் கசடும் சேர்ந்து இவை அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அப்போது மேலே எவ்வளவு இறுக்கி மூடினாலும் கசிவு இடம் மாறும், நிற்காது. சைடு பிளேட்டில் வரும், டைமிங் கவரில் வரும், ரப்பர் சீல் இல்லாமல் திருகுப் பள்ளத்தை மட்டும் நம்பியிருக்கும் கிராங்க் பின்முனையில் வரும். ஆகவே ஸ்பேனரைத் தொடும் முன் குழாய்களைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துளையின் மேல் ஒரு தாளைப் பிடியுங்கள். புகையும் காற்றும் குபுகுபுவென்று தாளைத் தூக்கியடித்தால், குற்றவாளி ரிங்குகள். கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்.

சரியான வைத்தியம் அலுப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கவரைக் கழற்றி, பழைய கார்க்கையும் ஷெல்லாக்கையும் கடைசித் துணுக்கு வரை சுரண்டுங்கள். கவரைத் தட்டையான கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து, ஓரத்தில் வெளிச்சம் தெரிகிற இடத்தை மரக்கட்டை வைத்துத் தட்டி நிமிர்த்துங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கும் பழைய கவருக்கு இது இரட்டிப்புக் கட்டாயம். அதையும் யாரோ முறுக்கித்தான் கழித்திருப்பார்கள். கார்க் உலர்ந்து சுருங்கியிருந்தால் சற்று நேரம் தண்ணீரில் நனைத்தால் அளவுக்கு வரும். ஈரம் போனபின் பேக்கிங்கைக் கவரின் பக்கம் மட்டும் ஒட்டி, ஹெட்டின் பக்கத்தை ஒட்டாமல் விடுங்கள். நட்டுக்குக் கீழே உள்ள ரப்பர் புஷ்களைக் கண்டிப்பாக மாற்றுங்கள். கவரை விடாமல் மென்மையாக அமுக்கிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் அந்த ரப்பர்தான்; அது கெட்டியாகிவிட்டால் நட்டுத் துளை வழியாகவே எண்ணெய் வரும். பிறகு 4 பவுண்டு-அடி. எஞ்சின் சூடாகி ஆறியபின் ஒருமுறை அதே அளவுக்குச் சரிபார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கெட்டியான ஆயில் ஊற்றினால் கவர் கசிவு நிற்காது. சூட்டில் எல்லா ஆயிலும் இளகும். கசிவை நிறுத்தும் புட்டி மருந்துகள் ரப்பர் சீலை உப்ப வைக்கப் பிறந்தவை, கார்க்கை ஒன்றும் செய்யாது. இரண்டு பேக்கிங்கை அடுக்கிப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். பளபளக்கும் அலுமினியக் கவர் ஒழுகாது என்பதும் பொய். அதன் முகமும் சமமாக இருந்தாக வேண்டும். "இங்கிலீஷ் எஞ்சின் என்றால் ஒழுகும்தான்" என்ற சமாதானம் ஆபத்தானது. கவருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கிறது; அதன் மேல் சொட்டும் எண்ணெய் நாற்றத்தோடு நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை, தீப்பிடிக்கலாம். கவரின் பின்மூலையில் கசிந்து பெல் ஹவுசிங் வழியாக இறங்கும் எண்ணெயைப் பார்த்துவிட்டு கியர் பாக்ஸை இறக்கச் சொல்பவர்களிடம், முதலில் எஞ்சினைக் கழுவித் துடைத்து, பவுடர் தூவி, ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பவுடர் காட்டிவிடும்.

இவ்வளவு தவறும் ஏன் நீடிக்கிறது என்றால், முறுக்கு அளவு என்ற ஒன்று இருப்பதே நம் பட்டறைகளில் பேசப்படுவதில்லை. கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வேலை தமிழில் நடக்கிறது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் முக்கியமான இருபது முப்பது நட்டுகளின் அளவைத் தமிழில் அச்சடித்து, பட்டறைச் சுவரில் ஒட்ட ஒரு தாள் போதும். பழைய கார் சங்கங்கள் பேரணிக்கும் கோப்பைக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் சிறிய அளவுகளைக் காட்டும் டார்க் ரென்ச்சை மாணவர் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். பெரிய ரென்ச் மட்டும் உதவாது. ஹெட்டுக்கு ஏற்றதில் 4 பவுண்டு-அடி சரியாகத் தெரியாது. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. இனிப் புதுக் கவர் அச்சடித்துத் தர அந்தத் தொழிற்சாலை இல்லை.