கமத்தில் பற்றரித் துளைகருவியைப் பாதுகாப்பாக உபயோகித்தல்

பாவற் பந்தலின் கப்புகளைப் பூட்டுதல், உழவு யந்திரப் பெட்டியின் பழுதடைந்த பலகையை மாற்றுதல், நீர்க் குழாய்களைச் சுவரிற் பொருத்துதல் ஆகிய வேலைகளுக்குக் கமக்காரர் முன்னர் கைத்துறப்பணத்தையே நம்பியிருந்தனர். இப்பொழுது அவ்வேலைகளைப் பற்றரியினால் இயங்கும் துளைகருவி சில நிமிடங்களிற் செய்து முடிக்கின்றது. இத்தகைய கருவியை 1961 ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து நிக்கல் கட்மியம் பற்றரிகள் வலுக்குறைந்தவை. இன்றைய இலிதியம் பற்றரிகளோ, சுவரிலுள்ள மின்னிணைப்பிலிருந்து இயங்கும் கருவிக்கு ஏறத்தாழ ஈடான வலுவைக் கொடுக்கின்றன.

ஈரமான வரம்பிலும் கிணற்றடியிலும் மின்கம்பியை இழுத்துச் சென்று வேலைசெய்வது உயிராபத்தானது. அவ்வகையில் பற்றரிக் கருவி கமத்துக்கு மிக உகந்ததே. எனினும் கம்பி இல்லை என்னும் அதே காரணத்தால், இதை விளையாட்டுப் பொருள்போற் கையாளும் வழக்கமும் உண்டாகியுள்ளது. கம்பியுள்ள கருவியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டால் அது வெறும் இரும்பு. பற்றரிக் கருவியோ மேசைமீது கிடக்கும்போதும், சாக்குப் பையினுள் இருக்கும்போதும், பிள்ளையொன்று கையில் எடுக்கும்போதும் சுழல ஆயத்தமாகவே இருக்கின்றது. ஆகவே துளையலகை மாற்றும்போதும், கருவியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லும்போதும், அயலவருக்கு இரவல் கொடுக்கும்போதும் பற்றரியைக் கழற்றிவிடுதல் வேண்டும். சுழலும் திசையை மாற்றும் பொத்தானை நடுவில் நிறுத்தினால் பெரும்பாலான கருவிகளில் விசை பூட்டப்பட்டுவிடும். வேலைக்கு இடையே கருவியைக் கீழே வைக்கும்போது இது உதவும். அலகு மாற்றும்போது இதைமட்டும் நம்புதல் தகாது.

அலகு கையிற் குத்துவதே பெரிய ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். கருவி முறுக்கும் விசையே அதைவிடப் பெரிய ஆபத்து என்பதைச் சற்று விளக்குவோம். 18 வோல்ற்றுக் கருவியொன்று 50 நியூற்றன் மீற்றர் வரையிலான முறுக்குவிசையைக் கொடுப்பது சாதாரணம். அலகு மரத்தின் கணுவிலோ இரும்புத் தகட்டிலோ திடீரென இறுகி நின்றுவிட்டால், அலகு சுழல்வதற்குப் பதிலாகக் கருவி சுழல முற்படும். அப்போது அலகின் அச்சிலிருந்து ஆறு அங்குலத் தூரத்திற் பிடித்திருக்கும் கையை, ஏறத்தாழ 33 கிலோகிராம் நிறை இழுப்பதற்கு ஒப்பான விசை தாக்குகின்றது. இது கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்வதால் விரலை விசையிலிருந்து எடுக்க அவகாசம் கிடையாது. மணிக்கட்டு முறிவதும், ஏணியில் நிற்பவர் தூக்கியெறியப்படுவதும் இவ்வாறே.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. தடித்த அலகை உபயோகிக்கும்போது கருவியோடு வரும் பக்கப்பிடியை மாட்டி, இரு கைகளாலும் பிடித்து, கால்களை அகற்றி உறுதியாக நிற்றல் வேண்டும். கருவியின் முன்புறத்தில் இலக்கங்கள் பொறிக்கப்பட்ட வளையம் உண்டு. அதைச் சிறிய இலக்கத்தில் வைத்தால், குறித்த அளவுக்கு மேல் இறுகும்போது உள்ளிருக்கும் கிளச்சு நழுவிக் கையைக் காக்கும். திருகாணி பூட்டும்போது இவ்வாறே வைக்க. அலகின் படமுள்ள இடத்துக்கு வளையத்தைத் திருப்பினால் கிளச்சு நழுவாது, முழு விசையும் கைக்கு வந்து சேரும். அலகு இறுகிவிட்டால் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தி இழுத்தெடுக்க முயலாது, கையை எடுத்து, திசையை மாற்றி, மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்றி வெளியே எடுத்தல் வேண்டும்.

துளையிடப்படும் பொருளைப் பற்றியும் இதுவே நியதி. கலப்பைக்கு வேண்டிய சிறு இரும்புத் தகட்டை ஒரு கையாலோ முழங்காலின் கீழோ அழுத்திப்பிடித்து, மறுகையால் துளையிடுவோர் பலர். அலகு தகட்டின் மறுபக்கம் வெளியேறும் தறுவாயிலேதான் அதன் விளிம்பு தகட்டைக் கொத்திப் பிடிக்கும். அவ்வேளை குறைந்த வேகத்திலும் தகடு செக்கனுக்கு எட்டு முறை சுழலும். கூடிய வேகத்தில் முப்பது முறை. அத்தகடு அப்பொழுது கத்தியாகும். கையால் எத்துணை இறுகப் பிடித்தாலும் அதை நிறுத்த இயலாது. எனவே தகட்டை மரக்குற்றியின்மேல் வைத்து, 'ஜி' வடிவக் கிளாம்புகள் இரண்டினாற் பூட்டியபின்னரே துளைத்தல் வேண்டும். ஒன்று மட்டும் பூட்டினால் தகடு அதையே அச்சாகக் கொண்டு திரும்பிவிடும். கிளாம்பின் விலை அற்பம். வைத்தியசாலைக்குப் போய்வரும் பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க.

இரும்பைத் துளைக்குமுன் கொங்கிறீற்று ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்து ஒரு சிறு குழி உண்டாக்குக. அலகு வழுக்கி ஓடாது. பெரிய துளை வேண்டுமாயின் முதலில் 3 மில்லிமீற்றர் அலகினாலும், பின்னர் வேண்டிய அளவுடைய அலகினாலும் துளைப்பது நன்று. இரும்புக்குக் குறைந்த வேகத்தையே தெரிந்தெடுத்து, ஓரிரு துளி எண்ணெய் இடுக. அலகு மறுபக்கம் வெளிவரும் தருணத்தில் அழுத்துவதைக் குறைத்துவிடுக. தெறிக்கும் இரும்புத்தூள் கண்ணைக் குருடாக்கவல்லது. ஆதலால் இருபுறமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் அவசியம்.

உடையும் கவனிக்கத்தக்கது. தோளிற் கிடக்கும் துவாய், தொங்கும் சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் என்பவற்றை அலகு ஒரு சுற்றிலேயே இழுத்துக்கொள்ளும். சாரத்தை இறுக மடித்துக் கட்டுக. மண்வெட்டி பிடிக்கும்போது கையுறை நல்லது. சுழலும் அலகின் அருகே அதுவே விரலை உள்ளிழுக்கும்.

பற்றரியால் இயங்கும் கருவியில் மின்னதிர்ச்சி ஏற்படாது என்னும் எண்ணம் தவறானது. சுவரினுள் மறைந்து செல்லும் 230 வோல்ற்றுக் கம்பியை அலகு தொட்டால், கருவியின் உலோகப் பகுதி வழியாக அம்மின்சாரம் கையை அடையும். ஆளிகளுக்கும் மின் புகுவாய்களுக்கும் நேர் மேலும் கீழும் துளையிடுவதைத் தவிர்த்து, வேண்டுமிடத்துப் பிரதான ஆளியை நிறுத்திவிடுக.

பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் இருந்த தாங்கிகளையும் பீப்பாக்களையும் ஒருபோதும் துளைத்தல் ஆகாது. திரவம் வடிந்துபோனாலும் ஆவி உள்ளே தங்கியிருக்கும். மோட்டாரில் உண்டாகும் பொறியும் அலகின் சூடும் அதைப் பற்றவைக்கப் போதும். நீரிறைக்கும் யந்திரத்தின் தாங்கி ஒழுகினால் அதை அனுபவமுள்ள திருத்துநரிடமே கொடுக்க.

பம்பு அறையின் அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசைக்கருவியின் வேகத்தில் இத்தகட்டிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத நார்த்தூள் எழும்பும். எவ்வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோயை விளைவிக்கவல்லது. நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலினாலேயே இதை எவரும் பொருட்படுத்துவதில்லை. துளைத்தே ஆகவேண்டுமெனில் தகட்டை நன்றாக நனைத்து, கைத்துறப்பணத்தால் மெதுவாகத் துளைத்து, சேறாக விழுந்த தூளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியோடு பையிற் கட்டி அகற்றுக. விளக்குமாற்றாற் கூட்டுதல் கூடாது. தூள் வடிகட்டும் முகமூடி அணிக. மூக்கிற் கட்டும் துணி இதற்குப் போதாது.

பற்றரியை வெயிலில் நிற்கும் உழவு யந்திரத்தின் ஆசனத்திலோ தகரக் கொட்டிலிலோ விட்டுவிடலாகாது. வேலை முடிந்து சூடாயிருக்கும் பற்றரியை ஆறவிட்ட பின்னரே மின்னேற்றுக. அதற்குரிய மின்னேற்றியைத் தவிர வேறொன்றில் ஏற்றற்க. ஆணிகளும் கம்பித் துண்டுகளும் உள்ள பையினுள் பற்றரியைப் போட்டால் அவை அதன் முனைகளை இணைத்துத் தீயை உண்டாக்கக்கூடும். வயலில் விழுந்து சேற்று நீர் புகுந்த பற்றரி, உலர்ந்தபின் நன்றாகவே தோன்றும். ஆயினும் அதை மீண்டும் மின்னேற்றாது, வீட்டுக்கு வெளியே வைக்கோலுக்கும் விறகுக்கும் தூரமாக வைத்து, பழுதான பற்றரிகளை ஏற்போரிடம் ஒப்படைக்க. உப்பிய பற்றரிக்கும் இதுவே முறை.

காயம் நேர்ந்தால் சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துக. வயலில் நேர்ந்த காயத்தில் மண்ணும் துருவும் சேர்வதால், சிறு காயமாயினும் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். கண்ணில் இரும்புத்தூள் பாய்ந்தால் கசக்காமலும், பிடுங்க முயலாமலும், கண்ணை அழுத்தாமல் மூடிக்கட்டி உடனே வைத்தியசாலைக்குச் செல்க. தனியே செல்ல இயலாதவர் 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி செய்து இலவச அம்புலன்சை அழைக்கலாம்.