இறங்கியதும் எந்த முகவரி? எந்தக் காப்புறுதி?

வேலைக் கடிதம் வந்தவுடன் யாழ்ப்பாணத்து வீடுகளில் மிளகாய்த்தூள் இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பயணப்பெட்டி இருபத்தைந்து கிலோவா முப்பதா என்பதில் அரை நாள் விவாதம் ஓடும். போய் இறங்கி எந்த முகவரியில் பதியப் போகிறீர்கள், அந்த முதல் கிழமையில் காய்ச்சல் வந்தால் வைத்தியருக்குக் காசு யார் கட்டுவது என்ற இரண்டையும் மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காததில் வியப்பு இல்லை. நாங்கள் காப்புறுதி அட்டையைக் கண்ணால் காணாமலே வளர்ந்தவர்கள். போதனா வைத்தியசாலையோ, தெல்லிப்பழையோ, மந்திகையோ, வரிசையில் நின்றால் துண்டு கிடைக்கும், பார்ப்பார்கள், மருந்து தருவார்கள். கிராம சேவகரிடம் உள்ள பதிவு அப்பா காலத்திலிருந்தே வீட்டோடு கிடக்கிறது. போகிற நாட்டிலோ இந்த இரண்டையும் நீங்களே போய்ச் செய்ய வேண்டும், அதுவும் நாள் கணக்குக்குள். பல நாடுகளில் முகவரிப் பதிவு நடந்தால்தான் மற்றக் கடதாசிகள் நகரும். அதனால் விமானச் சீட்டுக்கு முன்னரே முகவரியைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஜேர்மனி: தபால்பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

தாதியர் பயிற்சிக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஜேர்மன் படிக்கிற பிள்ளைகள் இப்போது இங்கும் உண்டு. அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அன்மெல்டுங் எனப்படும் குடியிருப்புப் பதிவு. வீட்டில் குடியேறி இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். பெரிய நகரங்களில் அதற்கு நேரம் எடுப்பதே கஷ்டம் என்பதால், இங்கிருந்தபடியே இணையத்தில் நேரம் பிடிக்கப் பாருங்கள். கடவுச்சீட்டோடு இன்னொரு கடதாசியும் கேட்பார்கள்: வீடு தந்தவர் 'இவர் இன்ன திகதியில் இங்கே குடிவந்தார்' என்று எழுதிக் கையொப்பமிட்ட உறுதிக்கடிதம். 2015 நவம்பர் முதல் இது கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது.

நம்மவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். 'மாமா வீடு இருக்கு, பிறகென்ன' என்று போவார்கள். மாமா சாப்பாடு போடுவார், படுக்க இடம் தருவார். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கத் தயங்குவார். அவர் வாடகைக்கு இருப்பவராக இருந்தால் வீட்டுச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். சமூக வீட்டில் இருந்தால் தலைக்கணக்குச் சிக்கல் வரலாம். அவர்மேல் கோபித்துப் பயனில்லை; கடிதம் தருவாரா என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே நேராகக் கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் முதல் இரண்டு மாதத்துக்குப் பதிவு அனுமதிக்கும் அறை ஒன்றைத் தேடலாம், அல்லது வேலை தருபவரின் விடுதியைக் கேட்கலாம். 'பதிவுக்கு மட்டும் முகவரி தாறன், ஒரு தொகை தாங்கோ' என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். குடியிருக்காத முகவரியைக் கொடுப்பதற்கு அந்த நாட்டுச் சட்டத்தில் 50,000 யூரோ வரை தண்டம் உண்டு.

பதிந்த பிறகு வரி இலக்கம் தபாலில் வரும். காப்புறுதி அட்டை, வங்கியின் இரகசிய இலக்கம் எல்லாமே தபாலில்தான். இங்கே 'வைரவர் கோயிலடி, இன்னாரின் மகன்' என்றால் தபால்காரர் வீட்டு வாசலில் நிற்பார். அங்கே தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்படாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். பதிந்த அன்றே மாமாவின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை ஒட்டுங்கள், கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னாலும் பின்னாலும் மாறியும் கிடப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. அங்குள்ள அலுவலருக்கு அது இரண்டு மனிதர். மொழிபெயர்ப்பு எடுக்கும்போதே எல்லாவற்றையும் கடவுச்சீட்டுக்கு ஒத்ததாக்கிக் கொள்ளுங்கள். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே இருப்பதால் சான்றுறுதிக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. கடவுச்சீட்டுக்கும் 2025 செப்டெம்பரில் அங்கே பிராந்திய அலுவலகம் திறந்துவிட்டார்கள்.

இனிக் காப்புறுதி. சாதாரணச் சம்பளத்தில் வேலை செய்பவரும் தொழிற்பயிற்சி பெறுபவரும் அரச முறைக் காப்புறுதியில் கட்டாயம் சேர வேண்டும். அடிப்படைக் கட்டணம் மொத்தச் சம்பளத்தில் 14.6 வீதம், அதற்கு மேல் ஒவ்வொரு காப்புறுதி நிறுவனமும் ஒரு மேலதிக வீதம் எடுக்கும். இதில் பாதியை வேலை தருபவர் கட்டுவார். வருமானம் இல்லாத மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் அங்கேயே வசித்தால் மேலதிகக் காசு இல்லாமல் அதே காப்புறுதிக்குள் வருவார்கள். கோண்டாவிலில் இருக்கும் மனைவிக்கு அது செல்லாது.

ஒரு இடைவெளியைக் கவனியுங்கள். இந்தக் காப்புறுதி தொடங்குவது வேலை தொடங்கும் நாளில். நீங்கள் 20 ஆம் திகதி இறங்கி அடுத்த மாதம் முதலாம் திகதி வேலைக்குப் போனால், நடுவில் உள்ள நாட்களுக்கு நீங்களே தனியாகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். விசாவுக்காக வாங்கும் பயணக் காப்புறுதியின் முடிவுத் திகதியை வேலை தொடங்கும் திகதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்கு அது பெரும்பாலும் காசு தராது என்பதையும் வாசித்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தமோ பிரசரோ இருந்தால், மருந்துகளின் பொதுப்பெயர் எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கிளினிக்கில் வாங்கி, சில மாத மருந்தும் எடுத்துச் செல்வது புத்தி.

வைத்தியசாலையிலோ பராமரிப்பு இல்லத்திலோ வேலை என்றால் சின்னமுத்துத் தடுப்பூசி போட்டதற்குச் சான்று கேட்பார்கள். 1970க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு 2020 மார்ச் முதல் அது சட்டம். நம்மில் பலரிடம் அந்தக் குழந்தைக்கால அட்டை இல்லை. 1995 இடப்பெயர்விலும் அதற்குப் பிந்திய ஓட்டங்களிலும் காணி உறுதியே தொலைந்த வீடுகளில் தடுப்பூசி அட்டையா மிஞ்சும்? அட்டை இல்லாதவர்கள் மீண்டும் தடுப்பூசி போட்டுக் கடிதம் வாங்கலாம். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைப் பரிசோதித்து வைத்தியர் தரும் சான்றும் செல்லும். போன பிறகு இதைச் செய்யப் போனால் வேலை தொடங்கும் நாள் தள்ளிப்போகும்.

சுவிஸ்

இங்கிருந்து வேலை விசாவில் சுவிஸ் போவது அரிது. கலியாணம் கட்டிப் போகிறவர்களுக்குத்தான் இது கூடுதலாகப் பயன்படும். 14 நாளுக்குள் கிராமசபை அலுவலகத்தில் பதிய வேண்டும். காப்புறுதிக்கு மூன்று மாதம் தருவார்கள். 'மூன்று மாதம் இருக்குத்தானே' என்று தள்ளிப்போட்டு எதையும் மிச்சம் பிடிக்க முடியாது, ஏனென்றால் வந்த நாளிலிருந்தே கட்டணம் கணக்கிடப்படும். வேலை தருபவர் இதில் பங்கு கட்டமாட்டார். ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம், பிறந்த குழந்தைக்கும் கூட. வளர்ந்தவர் என்றால் வருடத்தில் 300 பிராங் முதல் 2,500 பிராங் வரை, நீங்கள் தெரிவுசெய்த தொகைக்குள் வரும் செலவு உங்களுடையது. அதைத் தாண்டினால் 10 வீதம் உங்களுடையது, அதற்கு 700 பிராங் உச்சம். இளம் வயது, வருத்தம் இல்லை என்று 2,500ஐத் தெரிவுசெய்தால் மாதக் கட்டணம் குறையும். ஆனால் கையில் 2,500 பிராங் இல்லாதவர் அதைத் தெரிவுசெய்யக்கூடாது என்பது என் கட்சி.

லண்டன்

பிரித்தானியாவில் குடியிருப்புப் பதிவு என்ற ஒன்று இல்லை. ஆனால் வைத்தியத்துக்கான காசு முன்னரே போய்விடும். விசா விண்ணப்பத்தோடு சுகாதார மேலதிகக் கட்டணம், வருடத்துக்கு 1,035 பவுண், முழுக் காலத்துக்கும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். மூன்று வருட விசா என்றால் ஒருவருக்கு 3,105 பவுண். மனைவிக்கும் தனியாக அதே தொகை. மாணவருக்கும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கும் 776. சுகாதார, பராமரிப்பு ஊழியர் விசாவில் போகிறவருக்கு இந்தக் கட்டணம் இல்லை. பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 அன்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் 'கெயார் விசா இருக்கு, ஸ்பொன்சர் கடிதத்துக்கு இத்தனை லட்சம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். ஸ்பொன்சர் சான்றிதழின் கட்டணத்தைக் கட்ட வேண்டியவர் வேலை தருபவர். அது விற்பனைக்கு உள்ள சரக்கு அல்ல.

இறங்கிய கிழமையிலேயே பக்கத்திலுள்ள குடும்ப வைத்தியரிடம் பதிந்துவிடுங்கள். அதற்குக் காசு இல்லை. முகவரிச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கவும் கூடாது. கையில் தரும் வதிவிட அட்டை 2024 முடிவோடு போய்விட்டது. இப்போது விசா இணையக் கணக்கில் இருக்கிறது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் அந்தக் கணக்கிலும் இலக்கத்தை மாற்ற மறக்க வேண்டாம்.

உறவினர் வீட்டில் தங்குபவர்களுக்கு ஒரு சங்கதி: தனியே வசிப்பவருக்கு நகரசபை வரியில் 25 வீதம் கழிவு உண்டு. வளர்ந்த ஆள் ஒருவர் வந்து சேர்ந்தால் அந்தக் கழிவு பெரும்பாலும் போய்விடும். அத்தை முகம் சுருக்கினால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்; அந்தக் காசை நீங்கள் கட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள்.

கனடாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் மாகாணக் காப்புறுதிக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள், ஆனால் வேலை அனுமதியில் வருபவர் அந்த மாகாண வேலை தருபவர் ஒருவரிடம் குறைந்தது ஆறு மாதம் முழுநேர வேலை செய்பவராக இருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு மாகாணக் காப்புறுதி இல்லை. பல்கலைக்கழகம் தனியாக அறவிடும்.

வளைகுடா: யார் கட்டுவது?

அங்கே பதிவும் காப்புறுதியும் வேலை தருபவரின் கையில். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது 'எப்போது' என்பதையும் 'யார் காசு' என்பதையும்தான். சவூதியில் தொழில் சட்டத்தின் 40 ஆம் பிரிவு தெளிவு: இக்காமா எனப்படும் வதிவிட அனுமதி எடுப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் ஆகும் செலவு, பிந்தினால் வரும் தண்டம் எல்லாம் முதலாளியுடையது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 ஜனவரி முதல் ஏழு அமீரகங்களிலும் தனியார் ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வதிவிட அனுமதி எடுக்க முடியாது. கட்டாருக்குப் போகிறவருக்கு வைத்தியப் பரிசோதனையும் கைரேகையும் ஒப்பந்தக் கையொப்பமும் கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்திலேயே முடிந்துவிடும். கையொப்பமிட முன் சம்பளம் எழுதிய வரியை வாசியுங்கள். ஏஜென்சிக்காரர் சொன்ன தொகை அதில் இல்லாவிட்டால் அங்கேயே சொல்லுங்கள். டுபாய்க்குக் கோடீன், ட்ரமடோல் உள்ள வலி மாத்திரைகளை முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

வேலைக்குப் போகிறவர் புறப்பட முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவோடு ஒரு காப்புறுதியும் சேர்ந்து வரும். அங்குள்ள வைத்தியசாலைக் காப்புறுதிக்கு அது மாற்று இல்லை. மரணமோ அங்கவீனமோ நேர்ந்தால் இங்குள்ள குடும்பம் கோரக்கூடியது. சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்று போகிறவருக்கு இது கிடையாது. பதிவு இலக்கத்தை ஒரு தாளில் எழுதி அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

விட்டு வரும்போதும் பதிவு உண்டு

ஜேர்மனியிலிருந்து ஒரேயடியாகக் கிளம்பும்போது பதிவை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்திய கிழமையில் செய்யலாம். நீக்காமல் வந்தால் ஒலிபரப்புக் கட்டணம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, உங்கள் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தனியாக எழுதி முடித்துக்கொள்ளுங்கள். நீக்கியதற்குத் தரும் சான்றைத் தொலைக்க வேண்டாம். ஐந்து வருடத்துக்குக் குறைவாக ஓய்வூதியக் கட்டணம் கட்டிய இலங்கையர், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 24 மாதம் கழிந்த பின் தம் பங்கைத் திருப்பிக் கேட்கலாம். விண்ணப்பத்தோடு அந்தச் சான்றையும் கேட்பார்கள்.