சபைக்குப் போய் வா

சிரஞ்சீவி தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிசினஸ் அனலிஸ்டுகளின் மகாநாடு ஒன்று கூடப்போவதாகவும், அதற்குப் போவதென்றால் கட்டணத்தோடு இரண்டு நாள் விடுப்பும் செலவாகுமென்றும், பேச்சுக்களெல்லாம் பின்னால் ஒளிப்பதிவாகக் கிடைத்துவிடும் என்று நண்பர்கள் சொல்வதால் நேரில் போய் என்ன பிரயோஜனம் என்றும் கேட்டிருக்கிறாய். செலவையும் பலனையும் சீர்தூக்குவதே உன் உத்தியோகமாகிவிட்டபடியால் இந்தச் சந்தேகம் எழுந்ததில் ஆச்சரியமில்லை; ஆனால் பலன் என்ற பத்தியில் பேச்சுக்களை மட்டும் எழுதிவிட்டுக் கணக்கை முடித்துவிட்டாய் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் உன் தொழிலின் தனிமையை எண்ணிப் பார். புரோகிராமர் ஒருவர் எழுதியதை அடுத்த மேஜைப் புரோகிராமர் படித்துத் திருத்துகிறார். அனலிஸ்டோ பெரும்பாலும் ஒரு குழுவுக்கு ஒருவன். வாடிக்கையாளர் மனத்தில் அரைகுறையாக இருப்பதை, கட்டுகிறவர்களுக்குப் புரியும் வடிவில் எழுதிக் கொடுப்பவன் அவன். எழுதியதில் பிழையிருந்தால் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கேள்வியை வாடிக்கையாளரிடம் வேறு விதமாகக் கேட்டிருக்கலாமே என்று சொல்லத் தெரிந்தவர் அந்த அறையில் ஒருவரும் இரார். தொழில் தெரிந்தவர்களின் பரீட்சைக்கு ஒருமுறைகூட உட்படாமல், அநுபவசாலி என்ற பெயரை வாங்கிவிடுவது இந்த உத்தியோகத்தில் மிகவும் சுலபம். இதைவிடப் பெரிய அபாயமும் இதில் வேறில்லை.

இத்தொழிலுக்குச் சாஸ்திரம் இல்லாமலில்லை. 2003இல் கனடாவின் டொரான்டோ நகரில் தோன்றிய ஐ.ஐ.பி.ஏ. என்னும் அனலிஸ்டுகள் ஸ்தாபனம் 2015இல் வெளியிட்ட பாபாக் வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு, இத்தொழிலை ஆறு அறிவுப் பகுதிகளாக வகுத்து, ஐம்பது உத்திகளை விவரிக்கிறது. அதைப் படிக்கத்தான் வேண்டும். ஆயினும், அந்த ஐம்பதில் எதை எந்த வாடிக்கையாளரிடம் கையில் எடுக்கவே கூடாது என்பதை நூலைவிட, எடுத்துச் சூடுபட்டவர்களே நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் ஒரே கூரையின்கீழ் கூடும் இடம் மகாநாடு.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது உடன் நடந்த சங்கீத மகாநாட்டின் விளைவாக மறுவருஷம் தோன்றிய மியூசிக் அகாடமியில், மாலைக் கச்சேரிக்குக் கூடும் கூட்டம் வேறு; காலையில் வித்வான்கள் கூடி ராக லக்ஷணங்களை விவாதிக்கும் சபை வேறு. மாலையில் ரசிகர்கள் கைதட்டுகிறார்கள். காலையிலோ, தன்னைப் போலவே பாடத் தெரிந்தவர்களின் முன்னிலையில் தன் பாடாந்தரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. குரு வழி வந்த பழக்கம் ஒன்று, ராகத்தின் லக்ஷணம் மற்றொன்று என்பது இளைஞன் ஒருவனுக்கு விளங்குவது அங்கேதான். உன் ஆபீஸில் ரிக்வயர்மென்ட் எழுதும் முறையும் சாஸ்திர விதியா, முன்னால் இருந்தவர் விட்டுப்போன பழக்கமா என்பது, வேறு ஆபீஸ்காரர்களோடு சம்பாஷித்தாலன்றி உனக்குத் தெரியப்போவதில்லை.

வேறு துறைக்காரர்களோடு பேசுவதன் லாபத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, விற்பவரின் மாநிலமும் சரக்கோ சேவையோ போய்ச் சேரும் மாநிலமும் ஒன்றா வேறா என்பதைப் பொறுத்து வரியின் வகை மாறும் என்ற ஒரே விதி, தேசமெங்கும் பில் போடும் மென்பொருள்களைத் திருத்தி எழுத வைத்தது. ஜவுளி மொத்த வியாபாரத்துக்கு வேலை செய்த அனலிஸ்டுக்கு, பழைய வரியில் விற்ற சரக்கு புதிய வரியில் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பது முதல் கவலை. இன்ஷூரன்ஸ்காரருக்கு, பாலிசிதாரரின் எந்த விலாசத்தைக் கொள்வது என்பது. மருந்து வியாபாரத்தில் இருந்தவருக்கு, காலாவதியாகித் திரும்பும் மாத்திரைகளின் கணக்கு. இம்மூவரும் தேநீர் இடைவேளையில் ஒரு மேஜையைச் சுற்றி நின்றால், ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியிராத இரண்டு கேள்விகளோடு ஊர் திரும்புவார்கள். கேள்விகளே மூலதனமாக உள்ள தொழிலில் இது அற்ப லாபமா?

ஆனால் போகிற முறை தெரிந்து போக வேண்டும். உன் பிராஜக்டில் தீராமல் நிற்கும் மூன்று சிக்கல்களை, வாடிக்கையாளரின் பெயரும் ரகசியமும் வெளிப்படாதபடி, ஒரு தாளில் எழுதிக்கொள். கட்டணம் கேட்டு மானேஜருக்கு எழுதும் விண்ணப்பத்தோடும் அதையே இணை. அங்கே உன் ஆபீஸ் சிநேகிதர்களோடு சேர்ந்து உட்காராதே; அவர்களைத் தினமும் பார்க்கிறாய். வெற்றிக் கதை சொல்லும் பேச்சாளரிடம், யார் எதிர்த்தார்கள், எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று விநயமாகக் கேள். ஒளிப்பதிவு உனக்குத் தரமுடியாத பதில் அதுதான். மென்பொருள் விற்பவர்களின் கடைகளைச் சீக்கிரம் கடந்துவிடு. ஐ.ஐ.பி.ஏ. வழங்கும் சி.பி.ஏ.பி. சான்றிதழ் பெற்றவர்கள் அதைப் புதுப்பிக்க மூன்று வருஷத்துக்கு 60 புள்ளிகள் சேர்க்க வேண்டியிருப்பதால், வருகைப் பதிவோடு கடமை தீர்ந்ததாக எண்ணுவோரும் இருப்பார்கள், அவர்களைப் பின்பற்றாதே. திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள், கேட்டவற்றில் ஒன்றையாவது உன் குழுவில் செய்து பார். பத்து விஷயங்களைக் குறித்துவைத்து ஒன்றும் செய்யாதிருப்பதைவிட அது மேல்.

திருக்குறளில் அவையறிதல் என்ற அதிகாரத்தை அடுத்தே அவையஞ்சாமை வருகிறது. அந்தக் கிரமம் உனக்கும் பொருந்தும். இந்த வருஷம் சபையை அறிந்துகொள்ளப் போ. பிறகு ஒரு வருஷம், நீ எழுதி எடுத்துப்போன சிக்கல்களில் ஒன்று எப்படித் தீர்ந்தது, அல்லது ஏன் தீரவில்லை என்பதை அதே சபையில் எழுந்து சொல். குழுவுக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் நம்மவர்களில், உன் வயதில் ஒருவன் அதைக் கேட்பதற்கென்றே அன்று வந்திருப்பான்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தை நாடும் மூத்த தொழில் தோழன்