ஈகைக்கு முன் ஒப்புரவு: பாலாற்றங்கரைத் தோல் தொழில் புதுத்தொழில் முனைவோர்க்குக் கூறுவது

வேலை தேடும் நிலையிலிருந்து வேலை தரும் நிலைக்கு நம் மாணவர் சிலர் நகர்ந்து வருகின்றனர். நடுவண் அரசு 2016 ஜனவரியில் 'ஸ்டார்ட்அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியபின் இந்நாட்டம் வளர்ந்துள்ளது எனலாம். புத்தொழில் என்று நாம் அதனைத் தமிழில் வழங்குகின்றோம். முதல் திரட்டுவது எவ்வாறு, சந்தை பிடிப்பது எவ்வாறு என்று கற்பிக்க நூல்களும் பயிற்சி வகுப்புகளும் நிரம்ப உள. வளர்ந்து வரும் ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்க்கும், தான் நிற்கும் ஊருக்கும் என்ன கடன்பட்டுள்ளது, அக்கடனை எந்தக் கட்டத்தில் அடைக்கத் தொடங்க வேண்டும் என்னும் வினா மட்டும் அவ்வகுப்புகளில் ஓர் ஓரத்தில் நிற்கின்றது. இதற்கு விடை காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வாலாஜா முதல் வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் தொழில் ஊர்களின் வரலாறே போதும்.

சிறிதாகத் தொடங்கியவை

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை 2019 வரை ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. இன்று மூன்று மாவட்டங்களில் பிரிந்து நிற்கின்றன. ஆம்பூர் என்றதும் வெளியூரார்க்குப் பிரியாணி நினைவுக்கு வரும். உள்ளூரார்க்கோ தோல் நினைவுக்கு வரும். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. ஆற்று மணலைத் தோண்டினால் நல்ல நீர், அருகிலுள்ள காடுகளில் ஆவாரம் பட்டை, கடைகளில் கடுக்காய், சுண்ணாம்பு, சென்னைத் துறைமுகத்துக்கு இரயில். இவ்வளவும் ஒருங்கே வாய்த்த இடத்தில், சில குழிகளும் சில ஆட்களுமாகத் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. இன்றைய மொழியில் சொன்னால் அவையும் அந்நாளைய புத்தொழில்களே.

1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துக் காட்டினார். 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1970களில் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடும் வந்தபோது, தோலை விற்றுவந்த குடும்பங்கள் காலணி தைக்கும் தொழிற்சாலைகளை எழுப்பின. அதனால் பல்லாயிரம் பெண்கள் முதன்முறையாக மாதச் சம்பளம் கண்டனர். இது சிறு மாற்றம் அன்று.

இத்தொழிலில் ஈட்டிய பொருளை வணிகர்கள் தமக்கென்றே பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது, மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் எழுந்தன. இவற்றின் பின்னே தோல் வணிகர்களின் கொடை நின்றது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் தம் ஊர்க் கல்விக்கு வாரி வழங்கியதோடு, சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே பயணிகள் தங்கச் சித்தீக் சராயையும் கட்டினார். இக்கல்வியின் வாசல் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்திருந்தது. தமிழ்த் துறையினர் மறக்கலாகாத செய்தி ஒன்றும் உண்டு: கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்தார். தோலின் ஊதியம் ஒரு வகையில் புதுக்கவிதையாகவும் விளைந்தது என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. இக்கல்வியின் பயனை நாமும் துய்த்தவர்களே.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளில் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இருபத்தொன்றாவது தீவினையச்சம், அதன்பின் ஒப்புரவறிதல், அதன்பின் ஈகை, அதன்பின் புகழ். பிறர்க்குத் தீங்கு செய்ய அஞ்சுதல் முதலாவது. ஊரோடு ஒத்து ஊருக்குரியதைச் செய்தல் அடுத்தது. இல்லாதவர்க்குக் கொடுத்தல் அதற்கும் பிந்தியது. புகழ் கடைசியில் வருகின்றது. ஒப்புரவு அதிகாரத்தில் ஊருணி நீரும், ஊர் நடுவே பழுத்த மரமும், மருந்தாகும் மரமும் உவமைகளாக வருகின்றன. தண்ணீர் அங்கே முதற்கண் வருவது நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமாகும்.

ஈகையும் ஒப்புரவும் ஒன்றல்ல என்பதே இவ்வரிசையிலிருந்து நாம் கொள்ளும் கருத்து. ஜகாத்தும் சதக்காவும் சேர்ந்த பொருளிலிருந்து பிறப்பவை; பொருள் சேர்ந்த பின்னரே அவற்றுக்கு இடம் உண்டு. தொழிலாளியின் கூலியும் அண்டை வீட்டாரின் கிணற்று நீரும் பொருள் சேரும் முன்பே நம்மேல் நிற்கும் கடன். சக மனிதர்க்குரிய உரிமையை 'ஹக்குல் இபாத்' என்று மார்க்க அறிஞர் தனியே பிரித்துப் பேசுவதும் இது பற்றியே. ஒரு கணக்கில் மிகுந்த வரவு மற்றொரு கணக்கின் பாக்கியை அடைக்காது. பாலாற்றங்கரையில் முதற் கணக்கு நிரம்பியிருந்தது. இரண்டாம் கணக்கை எழுத நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

ஆறும் கிணறும்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. தோல் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்ற ஆய்வு முடிவு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கும் இடம்பெற்றது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் தொழில் என்பதை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அதனால் இயற்கையை அழிக்கும் உரிமை அதற்கு வந்துவிடாது என்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் ஆழ வேர்கொண்டது இவ்வழக்கினால்தான். உலகெங்கும் சட்ட மாணவர் பயிலும் தீர்ப்பில் நம் ஊர்ப்பெயர் நிற்கின்றது. பெருமைப்படுவதா நாணுவதா என்பது நமக்கு விளங்கவில்லை.

கேடு வந்த வழியை அறிதல் நலம். பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுவர். தோலை ஊறவைக்கும்போது அவ்வுப்பு நீரில் கரைந்து வெளியேறும். கழிவுநீரிலிருந்து குரோமைப் பிரித்தெடுக்க வழியுண்டு. கரைந்த உப்பைப் பிரிப்பது கடினமும் பெருஞ்செலவும் ஆகும். பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பது. ஓடும் ஆறாயின் உப்பை அடித்துச் சென்றிருக்கும்; மணலாறு அதனை உறிஞ்சிக் கரையோரக் கிணறுகளுக்கு அனுப்பியது. நூறு தொழிற்சாலைகளில் ஒவ்வொன்றும் 'என் ஒரு வாய்க்கால் நீர் என்ன செய்துவிடும்' என்று எண்ணியிருக்கக் கூடும். தனித்தனியே பார்த்தால் அவ்வெண்ணம் முற்றும் பொய்யும் அன்று. சிறியதாயிருக்கும்போது பொறுப்பும் சிறியதே என்னும் அந்நினைப்பில்தான் கேடு தொடங்கியது என்பது நம் கருத்து.

தீர்ப்புக்குப்பின் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7இல், பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். விளைநிலத்தை இழந்த குடும்பத்துக்கு இது எம்மாத்திரம்? அத்தொகையும் எல்லார்க்கும் முழுமையாகச் சேரவில்லை. உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30இல் மீண்டும் தலையிட்டு, அரசே முதலில் வழங்கிப் பின்னர் மாசுபடுத்தியோரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு ஆணையிட நேர்ந்தது. 2001இல் பிறந்த குழந்தை இதற்குள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, பட்டமும் பெற்றிருக்கும்.

தொழில் முனைவோர் ஏதும் செய்யவில்லை என்பது நேர்மையாகாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. தொழிற்சாலைகள் பங்குபோட்டுச் செலவை ஏற்றன. ஒரு துளியும் வெளியேறாதிருக்க நீரை வடிகட்டியும் ஆவியாக்கியும் மீட்கும் பொறிகள் பின்னர் வந்தன. எஞ்சிய உப்போ போக்கிடமின்றிக் குவிகின்றது. தொடக்கத்திலேயே உப்பைக் குறைத்துத் தோலைக் காக்கும் வழிகளுக்குச் செலவிட்டிருந்தால் எவ்வளவோ எளிதாயிருந்திருக்கும்.

பதிவேட்டில் இல்லாதவர்

தொழிலாளர் பக்கம் திரும்புவோம். சுண்ணாம்புக் குழியில் கையும் காலும் வெந்தவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. அவருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வைப் பொருளாக்கிய டி. செல்வராஜின் 'தோல்' என்னும் நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நம் பாலாற்றங்கரைக்கும் அத்தகைய பெரும்படைப்பு ஒன்று வேண்டும் என்பது தமிழ்த் துறை மாணவர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள்.

2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கியவர்கள் உட்பட 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்க எழுந்த ஏற்பாடே ஆளைக் கொன்றது. மண்ணுக்குரிய பொறுப்பையும் மனிதர்க்குரிய பொறுப்பையும் தனித்தனியே பார்க்க இயலாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

கண்ணுக்குப் படாத மற்றொரு கூட்டமும் உண்டு. ஆம்பூர்ப் பகுதியில் காலணியின் மேற்பகுதியை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையால் தைக்கும் பெண்கள் அவர்கள். ஒப்பந்தக்காரர் தோலைக் கொண்டுவந்து தருவார்; ஜோடிக்கு இவ்வளவு என்று சில ரூபாய் கணக்கில் கூலி. தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இராது. ஆதலால் வைப்பு நிதியும் இல்லை, ஈட்டுறுதி மருத்துவமும் இல்லை. ஊசி குத்திய விரலுக்கு அவர்களே மருந்து வாங்க வேண்டும். ஐரோப்பியக் கடைக் கண்ணாடிக்குள் அக்காலணி மின்னும்போது அத்திண்ணை யாருக்கும் தெரிவதில்லை.

இன்றைய புத்தொழில் பலவும் இவ்வடிவத்தையே வேறு பெயரில் மேற்கொள்கின்றன என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். உணவு கொண்டுசெல்லும் இளைஞர் 'பங்காளர்' எனப்படுகிறார், 'தொழிலாளர்' எனப்படுவதில்லை. பெயர் மாறியவுடன் கடமையும் கழிந்துவிடுகிறது.

சட்டம் இதனைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாமா? 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்னும் வரம்புகளுள் ஒன்றை எட்டும் நிறுவனம், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது அது. தன் தொழிலாளர்க்கு மட்டும் பயன்படும் செலவு அக்கணக்கில் சேராது. சிறு நிறுவனங்களுக்கு அவ்வரம்பு எட்டாத உயரம். மேலும் அச்சட்டம் பேசுவது லாபத்தில் ஒரு பங்கைத்தான். வள்ளுவர் வரிசையில் அது ஈகையின் இடம். கூலி, காப்பு, கழிவு ஆகிய மூன்றும் லாபம் காண்பதற்கு முன்பே விலையில் சேர வேண்டியவை.

பத்துப் பேரோடு தொழில் தொடங்கும் நம் மாணவர் முதலாண்டிலேயே இவற்றைக் கணக்கில் எழுதிவிடலாம். தமக்காக உழைப்போர் அனைவர் பெயரும், ஒப்பந்தக்காரர் வழியாக வருவோர் பெயரும் ஒரே பதிவேட்டில் இருக்கட்டும். தம் தொழிலிலிருந்து வெளியேறும் நீரோ, குப்பையோ, பழுதான கருவியோ யார் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்கிறது என்று ஒருமுறை பின்தொடர்ந்து சென்று பார்க்கட்டும். இதனால் பொருளின் விலை சற்று உயரும். போட்டியாளர் மலிவாக விற்பார். இரண்டொரு வாடிக்கையாளரும் விலகக்கூடும். அவ்விழப்பை ஏற்க முடியுமா என்று நண்பர்களோடும் முதல் தருவோரோடும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். பத்துப் பேர் ஆயிரம் பேரான பிறகு அப்பேச்சை எடுத்தால் எவ்வளவு செலவாகும் என்பதை அறிய விரும்புவோர், பாலாற்றங்கரைக் கிணறு ஒன்றில் ஒரு வாளி நீர் இறைத்து வாயில் ஊற்றிப் பார்க்கலாம்.