எண்ணைப் பார்த்து ஆளை நம்பலாமா?

சென்னை மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி லேண்ட்லைன் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. மணி அடித்தால் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மரியாதையாகப் பேசி முடிக்க வேண்டும். மோசடிக்காரனுக்கு இதைவிட வசதியான பேட்டை கிடைக்காது.

நம்பிக்கை: +91 என்று வருகிறது, உள்ளூர் அழைப்புதான்.

உண்மை: திரையில் தெரியும் எண்ணைப் பொய்யாகக் காட்ட முடியும். இந்திய எண்போல வேடமிட்டு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பைத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் சிக்கியவை சுமார் 1.35 கோடி. அந்த வழி அடைபட்டாலும் சிம் பாக்ஸ் என்ற வழி இருக்கிறது. வாடகை அறையில் ஒரு பெட்டி, அதற்குள் வரிசையாகச் சிம் கார்டுகள். கம்போடியாவில் பேசுகிறவனின் குரல் இணையம் வழியே அந்தப் பெட்டிக்கு வந்து, சாதாரண உள்ளூர் அழைப்பாக மாறி அடையாறு வீட்டில் ஒலிக்கும். தொலைபேசி நிறுவனத்துக்கு வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் போச்சு. போலீசுக்குத் தடயம் போச்சு.

நம்பிக்கை: என் பெயரில் இருப்பது என் கையிலுள்ள சிம் மட்டும்தான்.

உண்மை: அந்தப் பெட்டிக்குச் சிம் எங்கிருந்து போகிறது? நம் பெயரிலிருந்துதான். தி.நகர் போன்ற கடைத்தெருவில் குடை போட்டு சிம் விற்பவர், “ரேகை சரியா விழல சார், இன்னொரு தடவை வைங்க” என்றால் கொஞ்சம் உஷாராகுங்கள். பெரும்பாலும் இயந்திரக் கோளாறாகவே இருக்கும். ஆனால் அந்த இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம்மை இயக்கி விற்ற முகவர்கள் நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை அனுமதி இருப்பதால், கூடுதலாக ஒன்று இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரிலுள்ள எண்களைப் பார்க்கலாம்; தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்குவோருக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டம் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

நம்பிக்கை: சிக்னல் போனால் டவர் கோளாறு.

உண்மை: மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ஊரில் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது நமக்குச் சுலபம். பக்கத்தில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவருக்குச் சிக்னல் இருந்து, உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், உங்கள் எண்ணுக்கு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம். இனி ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். வேறொரு போனிலிருந்து முதலில் சிம் நிறுவனத்தையும், அடுத்து வங்கியையும் கூப்பிடுங்கள். மாற்று சிம் வாங்கிய எண்ணை 7 நாள்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் இருக்கிறது. ஆனால் அது ஓடிபியைத் தடுக்காது.

நம்பிக்கை: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நம் எண்ணைத் துண்டிக்கும், போலீஸ் வீடியோவில் கைது செய்யும்.

உண்மை: இரண்டுமே கிடையாது. ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூடப் போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம்பிக்கை: படித்தவர் ஏமாறமாட்டார்; ஏமாந்தால் போன பணம் போனதுதான்.

உண்மை: 2024இல் லூதியானாவின் வர்த்தமான் ஜவுளிக் குழுமத் தலைவரையே வீடியோவில் போலி உச்ச நீதிமன்ற விசாரணை நடத்தி ஏமாற்றினார்கள். போனது 7 கோடி ரூபாய். அதில் 5.25 கோடியைப் போலீஸ் மீட்டது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால்தான் இது நடக்கும். ஏமாந்ததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். பணம் போன தேதி, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.