பல்ஸ் மோட்டார்: சக்கரம் சுற்றினால் பேட்டரி நிறையுமா?

விளிம்பில் காந்தங்கள் ஒட்டிய ஒரு சைக்கிள் சக்கரம், எதிரே ஒரு செப்புச் சுருள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி. பல்ஸ் மோட்டார் இவ்வளவுதான். காந்தம் சுருளைக் கடக்கும் நேரத்தில் மட்டும் மின்னோட்டம் பாய்ந்து அதைத் தள்ளிவிடும். மின்காந்தத் தூண்டலைக் கையால் தொட்டுப் படிக்க இதைவிட நல்ல கருவி குறைவு. அமெரிக்கரான ஜான் பெடினி பரப்பிய வடிவத்தைத்தான் பலரும் வீட்டில் செய்கிறார்கள். அதில் தூண்டு சுருள், ஓட்டும் சுருள் என இரண்டு கம்பிகள் சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கும். ஓட்டும் சுருள் அணையும்போது எழும் மின்னழுத்த உதை, டயோடு வழியாக இரண்டாவது பேட்டரிக்குப் போகும். இந்தச் சுற்றைப் பற்றிய தவறான நம்பிக்கைகளால் நல்ல பாகங்கள் வீணாகின்றன, ஆர்வமுள்ள பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகிறார்கள்.

நம்பிக்கை: சுவிட்சைப் போட்டதும் தானாகச் சுற்ற வேண்டும்.

வேண்டியதில்லை. காந்தம் அசைந்தால்தான் தூண்டு சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், அது வந்தால்தான் டிரான்சிஸ்டர் திறக்கும். எனவே இந்த வகை மோட்டாரை முதலில் கையால் சுற்றிவிட வேண்டும். அது பழுதில்லை.

நம்பிக்கை: சுற்றிவிட்டும் ஓடவில்லை என்றால் டிரான்சிஸ்டர் போய்விட்டது.

டிரான்சிஸ்டரைக் கழற்றும் முன் கம்பி முனைகளைப் பாருங்கள். வைண்டிங் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கிறது. பிளேடால் ஒரு பக்கம் மட்டும் சுரண்டிவிட்டு ஈயம் வைத்தால், பார்க்க ஒட்டியதுபோல இருக்கும், மின்சாரம் போகாது. முனையைச் சுற்றிலும் செம்பு பளபளக்கும்வரை சுரண்டுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டு சுருள்களுக்கும் இடையே தொடர்பு காட்டினால் உள்ளே எங்கோ பூச்சு உரிந்திருக்கிறது.

அடுத்த சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். மின்சாரம் இல்லாமல் ஒருமுறை, கொடுத்து ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது சீக்கிரம் நின்றுவிட்டால் தூண்டு சுருளின் இணைப்பு தலைகீழாக இருக்கிறது. நெருங்கி வரும் காந்தத்தைத் தள்ளுவதால் மோட்டார் பிரேக்காகிவிட்டது. அந்தச் சுருளின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றினால் போதும். சக்கரம் அசையாமல் நிற்கும்போதே சுருள் கீச்சென்று கத்தினால் சுற்று தானாக அலைவுறுகிறது, டிரான்சிஸ்டர் சுடத் தொடங்கும். பேஸ் ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டுங்கள்.

தூண்டு சுருளுக்குப் பதிலாக, காந்தத்தை உணரும் ஹால் சென்சார் வைத்துச் செய்பவர்கள் காந்தங்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஏ3144 வகை சென்சார், எழுத்துள்ள முகத்துக்கு எதிரே தென்முனை வந்தால் மட்டுமே செயல்படும். திருப்பி ஒட்டிய காந்தம் அதற்குத் தெரியவே தெரியாது. ஒட்டும் முன் திசைகாட்டியால் முனையைப் பார்த்து மார்க்கரால் புள்ளி வையுங்கள். திசைகாட்டி ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். நியோடிமியம் காந்தம் மிக நெருங்கினால் ஊசியின் முனைகளே மாறிவிடக்கூடும்.

நம்பிக்கை: 2என்3055 முரட்டு டிரான்சிஸ்டர், எதையும் தாங்கும்.

15 ஆம்பியர் வரை தாங்கும் என்பது சரி. ஆனால் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அது தாங்கக்கூடியது 60 வோல்ட்தான். மோட்டார் ஓடும்போது இரண்டாவது பேட்டரியின் கம்பியைக் கழற்றினால் உதைக்குப் போக வழியில்லை. மின்னழுத்தம் நூறு வோல்ட்டைத் தாண்டி எகிறும். பாதுகாப்புக்கு வைக்கும் நியான் பல்பு எரியவே 60 முதல் 90 வோல்ட் வேண்டும். அது எரிவதற்குள் டிரான்சிஸ்டரின் எல்லை முடிந்திருக்கும். 250 வோல்ட் தாங்கும் எம்ஜேஎல்21194 பாதுகாப்பானது. இரண்டாவது பேட்டரியே தேவையில்லை என்றால் ஓட்டும் சுருளின் குறுக்கே ஒரு டயோடைத் திருப்பிப் போடுங்கள், சிக்கல் தீர்ந்தது.

நம்பிக்கை: இரண்டாவது பேட்டரியின் வோல்ட் ஏறுகிறது, எனவே இலவச மின்சாரம் கிடைக்கிறது.

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். ஊசி முனைபோல் எழும் உதைகளைச் சாதாரண டிஜிட்டல் மீட்டர் சரியாக அளக்காது. உதை விழுந்துகொண்டிருக்கும்போது எடுத்த அளவை நம்பாதீர்கள். ஈய அமிலப் பேட்டரியில் மேற்பரப்பு மின்னேற்றம் என்று ஒன்றும் உண்டு. சிறிதளவு மின்சாரம் உள்ளே போனாலும் வோல்ட் உயர்ந்து நிற்கும், சில மணி நேரம் சும்மா வைத்தால் இறங்கிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சுருளின் தூண்டல் 10 மில்லிஹென்றி, உச்ச மின்னோட்டம் 1 ஆம்பியர் என்றால், ஒவ்வொரு உதையிலும் இருப்பது 5 மில்லிஜூல். விநாடிக்கு 50 உதை என்றால் கால் வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரியில் அடங்குவது 84 வாட்-மணி. கால் வாட்டில் அதை நிரப்ப, இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 336 மணி நேரம், அதாவது 14 நாள் ஆகும். மோட்டாரை ஓட்டும் அதே அளவு பேட்டரியோ, சராசரி 0.2 ஆம்பியர் எடுத்தால் 35 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த உதை புதிதாகப் பிறந்த ஆற்றல் இல்லை. முதல் பேட்டரி சுருளுக்குக் கொடுத்ததில் ஒரு பங்குதான் திரும்ப வருகிறது.

பெடினிக்கு 2002இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததைச் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். காப்புரிமை என்பது கருவியின் அமைப்பில் உள்ள புதுமைக்குக் கிடைப்பது. கொடுத்ததைவிடக் கூடுதல் ஆற்றல் வருகிறது என்பதற்கு அது சான்றாகாது.

உண்மையில் எவ்வளவு ஏறியது என்று அறிய, இரண்டாவது பேட்டரியைக் கழற்றி ஓர் இரவு வைத்துவிட்டு, பைக் இண்டிகேட்டரின் 10 வாட் பல்பை மாட்டி, 11 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எவ்வளவு நேரம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள, முழுதாக நிறைந்த 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறேழு மணி நேரம் எரிக்கும். வோல்ட் எண்ணைவிட இந்த நேரத்தை நம்புங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த உதை வெளியீட்டில் லித்தியம் செல் எதையும் இணைக்காதீர்கள். 4.2 வோல்ட்டில் நிறுத்தும் கட்டுப்பாடு இந்தச் சுற்றில் இல்லை, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஈய அமிலப் பேட்டரியாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்தே சோதியுங்கள்.