சைக்கிள் வந்தாச்சு, வழி எப்போ வரும்?



காலை எட்டரை மணிக்கு நம்ம ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சைக்கிள்கள் வரிசையாக வரும். சிலவற்றில் இரண்டு பேர், கேரியரில் புத்தகப் பை, ஹாண்டில்பாரில் சாப்பாட்டுப் பை. அதே ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர், வெளியூர் பஸ், திருவண்ணாமலைக்குப் பறக்கும் கார். எல்லோரும் ஒரே வழியில்தான் போகணும். ஆனால் இடித்தால் அடிபடுவது யார்?

என் சித்தி மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் கிடைத்தது. மூன்று மாதம் சந்தோஷமாக ஓட்டினாள். ஒரு மழைநாள் சாயங்காலம், வேன் ஒன்று உரசி அவளை மண்ணில் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நல்லவேளை, முட்டியில் சிராய்ப்போடு போச்சு. ஆனால் சித்தி பயந்துட்டாங்க. "நீ ஒரு நாள் படிக்கலன்னாலும் பரவால்லடி, முழுசா வீடு வந்து சேர்ந்தா போதும்" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பஸ் வராத நாளில் அவளுக்குப் பள்ளியும் இல்லை. சைக்கிள் திண்ணையில் நிற்கிறது. அதன்மேல் துணி காய்கிறது.

சித்தி சொன்னது தப்பா? தப்பில்லை. அப்போ அவள் படிப்பு? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரை.

சைக்கிள் வந்த கதை

தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காக இலவச சைக்கிள் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாணவிகளுக்கும், அதன்பின் மாணவர்களுக்கும் விரிந்தது. இன்று அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் படிப்பவர்களுக்குச் சைக்கிள் கிடைக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு மேல்நிலைப் பள்ளி எட்டும் தூரத்துக்கு வந்தது இப்படித்தான். ஆனால் சைக்கிளைக் கொடுத்தால் மட்டும் போதுமா? அது பத்திரமாகப் போகும் வழியும் வேண்டும் அல்லவா?

புதுக்கோட்டை கற்றுத்தந்த பாடம்

இதற்கு முன்பே நம் மாநிலத்தில் சைக்கிளுக்காக ஓர் இயக்கமே நடந்திருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு தருவதுதான் அதன் வேலை. சம்பளம் வாங்காத தொண்டர்கள் மாலை நேரங்களில் ஊர் ஊராகப் பாடம் நடத்தினார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஒன்றைக் கவனித்தார். பெண்கள் எங்கே போகணும் என்றாலும் பஸ்ஸுக்கோ, வீட்டு ஆண்களுக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது. முதலில் பெண் தொண்டர்கள் கற்றுக்கொண்டார்கள். பிறகு அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது.

முதலில் கேலி பேசியவர்கள் நிறையப் பேர். "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?" என்றார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரில் சைக்கிள் பேரணி போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இதில் நமக்கு என்ன பாடம்? தனியாக ஒரு பெண் சைக்கிளில் போனால் ஊர் வேடிக்கை பார்க்கும். ஆயிரம் பேர் போனால் ஊர் வழிவிடும்.

நெதர்லாந்து: பெற்றோர் இறங்கிய வீதி

சைக்கிள் நாடு என்றால் நெதர்லாந்து என்பார்கள். அங்கேயும் ஆதியிலிருந்தே அப்படி இல்லை. கார்கள் பெருகியதால் 1971-இல் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. அதன் பெயரே "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பதுதான். விபத்து நடக்கும் இடங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் போய் உட்கார்ந்தார்கள். சில நாட்களில் தெருக்களை வண்டிகளுக்கு அடைத்துவிட்டுப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தபோது, கார் இல்லாத வீதி எப்படியிருக்கும் என்று மக்கள் கண்ணால் பார்த்தார்கள். 1975-இல் சைக்கிள் ஓட்டுவோருக்கென்றே தனிச் சங்கம் வந்தது. அரசும் மெல்ல மெல்ல மனம் மாறி, சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டது. ஆக, அந்தப் பாதைகள் தானாக முளைத்தவை அல்ல, கேட்டு வாங்கியவை.

ஒரு சின்னக் கணக்கு

"கொஞ்சம் வேகமா வந்தா என்ன ஆகிடும்?" என்று கேட்பவர்களுக்கு நம் இயற்பியல் பாடமே பதில் சொல்லும். ஆபத்தைப் பார்த்து டிரைவர் பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் போட்டபின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் 5 மீ/வி வீதம் குறைகிறது என்போம்.

மணிக்கு 36 கி.மீ. வேகம் (விநாடிக்கு 10 மீட்டர்):
பிரேக் தொடும் முன் ஓடியது 10 மீ. + பிரேக் போட்டபின் ஓடியது 10 மீ. = 20 மீ.

மணிக்கு 72 கி.மீ. வேகம் (விநாடிக்கு 20 மீட்டர்):
பிரேக் தொடும் முன் ஓடியது 20 மீ. + பிரேக் போட்டபின் ஓடியது 40 மீ. = 60 மீ.

வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் தூரம் நான்கு மடங்கு ஆகிறது. இப்போது 20 மீட்டர் முன்னால் ஒரு சைக்கிள் திரும்புகிறது என்று நினையுங்கள். முதல் வண்டி தொடாமல் நின்றுவிடும். இரண்டாவது வண்டியோ பிரேக்கில் கால் வைப்பதற்குள் சைக்கிள்மேல் வந்துவிடும், அதுவும் முழு வேகத்தில்! பள்ளி முன்னால் வேகத்தைக் குறைக்கச் சொல்வது ஏன் என்று புரிகிறதா?

நாம் என்ன செய்யலாம்?

1. வெளிச்சம்: சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரைத் துடைத்து வையுங்கள். அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன மூலைகள், விளக்கொளி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும். அதனால்தான் டிரைவர் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிகிறது. உடைந்திருந்தால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டலாம். செலவு மிகக் குறைவு.

2. கூட்டாகப் போவோம்: ஒரே ஊர்க்காரர்கள் ஒரு நேரம், ஓர் இடம் குறித்துக்கொண்டு சேர்ந்து கிளம்பலாம். பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். பக்கத்தில் பக்கமாகப் பேசிக்கொண்டே போகாமல், இடது ஓரமாக ஒருவர் பின் ஒருவராகப் போகணும். தனியாக அனுப்பப் பயப்படும் அம்மாக்கள் இதற்குச் சம்மதிப்பார்கள்.

3. வரைபடம்: பள்ளிக்கு வரும் வழியை ஒரு சார்ட்டில் வரையுங்கள். பள்ளம், விளக்கில்லாத இடம், கண் மறைக்கும் வளைவு, கருவேல முள் ரோட்டுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் சிவப்புப் புள்ளி வையுங்கள். நாட்டு நலப்பணித் திட்டம், இளஞ்செஞ்சிலுவைச் சங்க மாணவர்கள் இதை ஒரு சனிக்கிழமை வேலையாக எடுக்கலாம்.

4. கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்: ஊருக்குள் தெருவும் விளக்கும் ஊராட்சி பொறுப்பு. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறை பொறுப்பு. செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 77. மனு போட்டும் பலனில்லை என்று சொல்பவர்கள், சரியான அலுவலகத்துக்குத்தான் போட்டோமா என்று பார்க்கணும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் உறுப்பினர் வாக்காளர்கள்தான். நமக்கு வாக்கு இல்லை. ஆனால் நம் அப்பா அம்மாவுக்கு இருக்கிறதே! வரைபடத்தை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பலாம். பள்ளி முன் வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, விளக்கு என்று தெளிவாகத் தீர்மானம் கேட்கலாம்.

5. விபத்து என்றால்: ஓடி ஒளியாதீர்கள், போட்டோ எடுத்துக்கொண்டும் நிற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். உதவுபவரைச் சட்டத்தொல்லை அண்டாமல் காக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் புதுப் பிரிவே சேர்த்திருக்கிறார்கள். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. இதை வீட்டிலும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பெருமைதான். இனி வெளியூர் வண்டிகள் இன்னும் வரும். ராஜகிரியைப் பார்க்க வருபவர்கள் அண்ணாந்து மலையைப் பார்ப்பார்கள். ரோட்டோரம் சைக்கிளில் போகும் நம்மையும் பார்க்கணும் அல்லவா? அதைச் சொல்லவேண்டியது நாம்தான்.

கூட்டாகப் போகும் திட்டத்தைச் சித்தியிடம் சொன்னேன். "யார் யார் வர்றீங்க, பேர் எழுதிக் குடு, பாக்கறேன்" என்றார்கள். இதுவரை ஆறு பேர் எழுதியிருக்கிறோம். இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறது. உங்கள் ஊரும் கிளம்பும் நேரமும் எழுதுங்கள்.

சிந்திக்க:
1. நீங்கள் வரும் வழியில் மிக ஆபத்தான இடம் எது? அது எந்தத் துறையின் பொறுப்பு?
2. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்? மேலே உள்ள முறையில் கணக்கிடுக. (விடை: 37.5 மீ.)
3. உங்கள் வீட்டில் ஓட்டாமல் நிற்கும் சைக்கிள் உண்டா? ஏன் நிற்கிறது?

மெல்லப் போவோம், சேர்ந்து போவோம், முழுசாக வீடு சேர்வோம்!